ஆபரேஷன் நடுவே 72 காட்டியது, டாக்டர் அசையவே இல்லை. விரல் கிளிப்பை எவ்வளவு நம்பலாம்?

மொட்டைமாடி:

போன வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் செய்தார்கள், அதனால் முழு நேரமும் முழித்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டிவிட்டார்கள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் கழுத்தைத் திருப்பி மானிட்டரைப் பார்த்தபடி கிடந்தேன். விரலில் மாட்டிய கிளிப் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுமாம், 98, 99 என்று ஓடிக்கொண்டிருந்த அந்த எண் திடீரென்று 72 ஆனது, கூடவே வந்த நாடித்துடிப்பு அலை படுத்துவிட்டது, அப்புறம் எண்ணே இல்லை, வெறும் கோடுகள். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. மயக்க டாக்டர் நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். அரை நிமிடத்தில் 98 வந்துவிட்டது. ஏன் என்று கேட்க அப்போது வாய் வரவில்லை.

இப்போது அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், வரும் வியாழன் லேப்ராஸ்கோபி, முழு மயக்கம். 63 வயது, சர்க்கரை உண்டு. இதில் இன்னொரு கூத்து, தங்கை வளைகாப்புக்குப் பத்து விரலிலும் மருதாணித் தொப்பி வைத்துக்கொண்டார். நகமெல்லாம் செக்கச்செவேல். அந்த கிளிப் வேலை செய்யாது, ஆபரேஷனையே தள்ளிவைப்பார்கள் என்று சித்தி பயமுறுத்துகிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த 72 நிஜமா? அந்த கிளிப்பை நம்பித்தான் அம்மாவைத் தூங்க வைக்கிறார்களா?

ஊசிமுனை:

மயக்கவியல்தான் என் தொழில், 14 வருஷம். முதலில் உங்கள் 72. கிளிப் மாட்டிய அதே கையில் பி.பி. பட்டையும் கட்டியிருந்தார்களா, யோசித்துப் பாருங்கள். பட்டை காற்று நிரம்பி இறுக்கும்போது விரலுக்கு ரத்தம் போவது நின்றுவிடும். துடிப்பு இல்லாத விரலில் அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது, கடைசியாகக் கிடைத்த அரைகுறைத் துடிப்பை வைத்து ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டுக் கோடு போட்டுவிடும். பட்டை தளர்ந்ததும் பழையபடி வரும். டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்தார் என்கிறீர்களே, அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். உதடு சிவப்பாக இருக்கிறது, ஆள் முழித்துக்கொண்டு முறைக்கிறார், அலை படுத்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் 72 பொய். நாங்கள் எண்ணுக்கு முன்னால் அலையைத்தான் பார்ப்போம். அலை ஒழுங்காக எழுந்து விழுந்துகொண்டிருக்கும்போது 72 வந்திருந்தால் அவர் பேனாவைக் கீழே போட்டிருப்பார்.

மருதாணிக்கு ராத்திரி வருகிறேன், கேஸ் இருக்கிறது.

மொட்டைமாடி:

ஆமாம் சார், ஒரே கைதான்! இன்னொரு கையில் டிரிப்ஸ் ஓடியது. ஒரு வருஷமாக இதை நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறேன்.

ஈயப்பற்று:

நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிளிப்பின் ஒரு பக்கம் இரண்டு சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை அளக்கும் கண். ஒரு விளக்கு சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் குடிக்காது, அதனால்தான் அது நம் கண்ணுக்குச் செக்கச்சிவப்பு. ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் சிவப்பை நிறையக் குடிக்கும். அகச்சிவப்பில் கதை தலைகீழ். ஆக, இரண்டு ஒளியும் எவ்வளவு குறைந்து வெளியே வருகின்றன என்று ஒப்பிட்டால் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இதுவரை 1930-களிலேயே தெரியும். ஜெர்மனியில் கார்ல் மத்தெஸ் 1935 வாக்கில் காது மடலில் வைத்து அளந்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் உயரத்தில் பறக்கும் விமானிகளுக்காக அமெரிக்காவில் கிளென் மில்லிகன் ஒரு காதுக்கருவி செய்தார், ஆக்சிமீட்டர் என்ற பெயரே அவர் வைத்ததுதான். ஆனால் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஒளியைக் குடிப்பது ரத்தம் மட்டுமில்லை. தோல், சதை, எலும்பு, நரம்பில் ஓடும் பழைய ரத்தம், நகம், எல்லாமே குடிக்கும். எது தமனி ரத்தம், எது மற்றது என்று பிரிக்க வழியில்லை. காதை அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி ஒருமுறை அளந்து, விட்டு மறுபடி அளந்து, காதைச் சூடாக்கி, என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1970-களில் வந்த ஒரு காதுக்கருவி எட்டு விதமான ஒளியைப் பயன்படுத்தியது. நன்றாகவே அளந்தது, ஆனால் ஆளைவிடக் கருவி பெரிது என்கிற நிலை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் இருந்த பொறியாளர் தக்குவோ அவோயாகி. வேடிக்கை என்னவென்றால் அவர் ஆக்சிஜனை அளக்கப் புறப்படவே இல்லை. ரத்தத்தில் சாயம் ஏற்றி, அது காது வழியாகக் கடந்து போவதை ஒளியால் கவனித்து, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று கணக்கிடப் பார்த்தார். அந்தக் கோட்டில் நாடித்துடிப்பு ஏறி ஏறி இறங்கி அளவையே கெடுத்தது. அந்தச் சனியனை ஒழிக்க இரண்டு ஒளியை வைத்து ஒன்றால் ஒன்றை அடித்துவிடப் பார்த்தார். அப்போதுதான் பொறி தட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினால் இந்த அடித்தல் கணக்கு பிசகும். அப்படியானால் அந்தப் பிசகை வைத்தே ஆக்சிஜனை அளக்கலாமே! துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான், தோலும் எலும்பும் துடிக்காது, துடிக்கிற பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகக் கழிந்துவிடும். 1972-ல் யோசனை, 1974-ல் ஒசாகாவில் ஒரு கூட்டத்தில் வாசித்தார், 1975-ல் காதில் மாட்டும் கருவி விற்பனைக்கு வந்தது. காப்புரிமைக்கு அவர்கள் மனுப் போட்ட ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே மினோல்டா நிறுவனமும் அதே யோசனைக்கு மனுப் போட்டது. 1977-ல் விரலில் மாட்டுவதை முதலில் கொண்டுவந்தது மினோல்டாதான்.

அவோயாகி 2020 ஏப்ரலில் இறந்தார். உலகமே விரலை நீட்டி கிளிப் மாட்டிக்கொண்டிருந்த நேரம்.

திருகாணி:

இதெல்லாம் சரி. 2021 மே மாதம் எங்கள் தெருவில் ஒருவர் வாங்கிய கிளிப்பில் பென்சிலை வைத்தோம், 97 காட்டியது. பென்சிலுக்கு நல்ல நுரையீரல். இதைத்தான் ஓ.டி.யிலும், அதாவது ஆபரேஷன் தியேட்டரிலும், மாட்டுகிறார்களா?

ஈயப்பற்று:

அந்த பென்சிலை நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சமயம் சந்தையில் வந்ததில் பாதி பொம்மை. ஓ.டி. மானிட்டர் வேறு சாதி, ஆனால் அதற்கும் ஒரு ரகசியம் உண்டு. எந்தக் கருவியும் சூத்திரம் போட்டு ஆக்சிஜனைக் கண்டுபிடிப்பதில்லை. ஆரோக்கியமான ஆட்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, 70 சதவீதம் வரை மெல்ல இறக்கி, கூடவே தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்து, இந்த விகிதம் வந்தால் இந்தச் சதவீதம் என்று ஓர் அட்டவணை போட்டு உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே யாரையும் அப்படி இறக்க முடியாது, பாவம். அதனால் 70-க்குக் கீழே அது காட்டுவதெல்லாம் ஊகம்.

இன்னொன்று. இரண்டு ஒளியும் சமமாகக் குறைந்தால், அதாவது விகிதம் 1 வந்தால், அந்த அட்டவணையில் அதற்கு நேரே இருப்பது சுமார் 85. கிளிப் பாதி கழன்று தொங்கினாலும், குழப்பமான சமிக்ஞை வந்தாலும், பல நேரம் 85 பக்கமே போய் நிற்கும். காரணமில்லாமல் 85-ல் ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணைப் பார்த்தால் நான் முதலில் கிளிப்பைத்தான் சந்தேகப்படுவேன்.

ஊசிமுனை:

85-க்கு ஓர் அடிக்குறிப்பு. ரத்தமே அப்படிக் காட்ட வைக்கும் நிலை உண்டு. சில மருந்துகளால், டாப்சோன், பிரிலோகெய்ன் மாதிரி, ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெட்ஹீமோகுளோபின் ஆகிவிடும். அது இரண்டு ஒளியையும் ஏறக்குறைய சமமாகக் குடிக்கும். நிறைய உண்டானால் ஆள் எவ்வளவு மோசமானாலும் எண் 85-ஐ ஒட்டியே நிற்கும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சாக்லேட் நிறம். ஆக, கிளிப்பைச் சந்தேகப்படுங்கள், சரி, ஆனால் கிளிப்பை மாற்றிய பிறகும் 85 என்றால் ஆளைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கே வியர்த்தது. அறுவைக்காரர் நடுவில் மெத்திலீன் புளூ சாயத்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எண் 99-லிருந்து எழுபது சொச்சத்துக்குச் சரிந்தது. புத்தகத்தில் நூறு தடவை படித்ததுதான், அந்தச் சாயம் சிவப்பு ஒளியைக் குடிக்கும், கருவி ஏமாறும், சில நிமிடத்தில் சரியாகிவிடும். இருந்தாலும் கை தானாக ஆக்சிஜனை முழுதாகத் திறந்தது. திறந்ததில் தப்பில்லை. பொய் என்று நினைத்துச் சும்மா இருந்து அது மெய்யாகிவிட்டால்?

மருதாணிக்கு வருகிறேன். அரைத்து வைத்த இலை மருதாணியால் பெரிதாக ஒன்றும் ஆகாது. துடிக்கிற பங்கை மட்டும் எடுப்பதால் நகத்தின் சிவப்பு கழிந்துவிடும். கடையில் விற்கும் கறுப்புச் சாயம் கலந்த கோன்தான் தொல்லை, ஒளியையே விடாமல் அடைத்துவிடும். அப்போது காது மடலில் மாட்டுவோம், அல்லது கால் விரலில். மருதாணிக்காக ஆபரேஷனைத் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை. நெயில் பாலிஷ் இருந்தால் மட்டும் ஒரு விரலிலாவது அழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

அப்பாடா. இலை மருதாணிதான், எங்கள் வீட்டுச் செடி. சித்தியிடம் சொல்லிவிட்டேன், நம்பவில்லை.

வடலி:

நான் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கூடத் தாதியாக இருந்தனான், இப்போது ஓய்வு. இந்தக் கருவி எங்களிடம் எல்லா மேசைக்கும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒட்சிசன் குறைகிறதா என்று எப்படி அறிவது? மயக்க மருந்து வைத்தியர் ஒரு கையால் பையை அமத்துவார், மற்றக் கைவிரல் நோயாளியின் கழுத்து நாடியில் இருக்கும், கண் உதட்டிலும் நகத்திலும். வெட்டுகிற இடத்தில் வருகிற இரத்தம் கறுத்துப் போகுது என்று அறுவை வைத்தியர் சொன்னால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இரவில் மின்சாரம் போய் விளக்கு மங்கலானால் நீலமும் சிவப்பும் ஒன்றுதான். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டினம்.

ஊசிமுனை:

அம்மா, நீங்கள் சொன்னதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1947-ல் அமெரிக்காவில் காம்ரோ, பொடெல்ஹோ என்ற இருவர், ஆக்சிஜன் குறைக்கப்பட்ட ஆட்களை மருத்துவர்களும் மாணவர்களும் வெறும் கண்ணால் பார்த்து, நீலம் பாரித்ததா என்று சொல்லச் சொன்னார்கள். பலருக்கு 80 சதவீதம் வாக்கில் இறங்கும் வரை உறுதியாகத் தெரியவில்லை. 80 என்றால் வெள்ளம் கழுத்துக்கு வந்தாயிற்று. மாநிறத் தோலில் இன்னும் மோசம். கண்ணை நம்பி மயக்கம் கொடுத்த அந்தத் தலைமுறையை நினைத்தால் எனக்கு மரியாதையும் பயமும் சேர்ந்தே வரும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் மயக்கவியலாளர் வில்லியம் நியூ இதைப் பார்த்துத்தான், ஓ.டி.க்கு ஏற்ற மாதிரி ஒரு கருவி வேண்டும் என்று நெல்கோர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983-ல் அவர்கள் கொண்டுவந்த பெட்டியின் அருமை எண்ணில் இல்லை, சத்தத்தில். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'டிக்', ஆக்சிஜன் இறங்க இறங்க அந்த 'டிக்'கின் சுருதியும் இறங்கும். நான் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கலாம், குழாயைச் சரி செய்துகொண்டிருக்கலாம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம், சுருதி அரை இம்மி இறங்கினால் தலை தானாகத் திரும்பும். கச்சேரியில் தம்புரா மாதிரி, இருக்கும்போது யாருக்கும் கேட்காது, பிசகினால் எல்லோருக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டு வேலை செய்கிற தியேட்டரில் எனக்கு உட்காரவே பிடிக்காது.

அங்குசம்:

எல்லோரும் ஒரே புகழ்ச்சி. நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். டென்மார்க்கில் 20,802 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆக்சிமீட்டர், மீதிக்கு இல்லை என்று சோதித்து 1993-ல் வெளியிட்டார்கள். மாட்டியவர்களில் ஆக்சிஜன் குறைவு 19 மடங்கு அதிகம் கண்டுபிடிக்கப்பட்டது. நல்லது. ஆனால் இறப்பிலும் மொத்தச் சிக்கல்களிலும் வித்தியாசம் காட்ட முடியவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்? கருவி விற்பவனுக்கு லாபம் என்பதைத் தவிர?

ஊசிமுனை:

நல்ல கேள்வி, இதற்கு எங்கள் ஆட்களே பாதிப் பேர் மழுப்புவார்கள். அந்த ஆய்வு உண்மை. அதே ஆய்வில் இதயத்துக்கு ரத்தம் குறைந்த அறிகுறிகள் கருவி மாட்டியவர்களில் பாதிக்கும் கீழே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மயக்கத்தால் மட்டும் நேரும் சாவு ரொம்ப அபூர்வம், அதில் வித்தியாசம் தெரிய 20,802 போதாது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், கருவி எதையும் சரி செய்வதில்லை. அது கத்தும், அவ்வளவுதான். கத்தியதும் குழாய் கழன்றதா, மடங்கியதா, சளி அடைத்ததா என்று தேடுவது ஆள். டென்மார்க்கில் கருவி இல்லாத பக்கத்திலும் தேர்ந்த ஆட்கள் நின்றார்கள். வடலி அம்மா சொன்ன மங்கல் விளக்கு தியேட்டரில் அதே ஆய்வைச் செய்ய எவனுக்கும் மனசு வராது. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1990 முதல் இதைக் கட்டாயமாக்கியபோது யாரும் ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கவில்லை. தப்பா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அங்குசம்:

மனசு வராது என்பது ஆதாரம் இல்லையே டாக்டர். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், என் வீட்டு ஆளுக்கு மாட்டாமல் விட நானும் சம்மதிக்க மாட்டேன்.

ஈயப்பற்று:

2010-ல் வந்த ஒரு கணக்கு, உலகத்தில் 77,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன் தியேட்டர்களில் ஆக்சிமீட்டரே இல்லை என்றது. ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2008-ல், உலக சுகாதார நிறுவனம் ஓர் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன் உரக்கக் கேட்டு டிக் அடிக்க வேண்டியவற்றில் "ஆக்சிமீட்டர் மாட்டியாயிற்றா, வேலை செய்கிறதா" என்பதும் ஒன்று. எட்டு நகரங்களில் சோதித்தார்கள், டெல்லியும் அதில் உண்டு. பட்டியலைப் பயன்படுத்திய பிறகு சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு வந்தது. அது முழுப் பட்டியலின் பலன், கிளிப்பின் பலன் மட்டும் இல்லை, அங்குசம் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல் வேலையில் முன்னால் நின்ற அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே. கிளிப் இல்லாத தியேட்டர்களுக்குக் கிளிப் கொடுக்கவென்றே லைஃப்பாக்ஸ் என்ற அறக்கட்டளை 2011-ல் வந்ததிலும் அவர் உண்டு.

திருகாணி:

கறுப்புத் தோலில் தப்பாகக் காட்டும் என்று செய்தி வந்ததே? நான் நல்ல கறுப்பு. என்னையும் தியேட்டரில் ஏமாற்றுமா?

ஊசிமுனை:

கொஞ்சம் ஏமாற்றலாம். மறைக்க விரும்பவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பினத்தவர் அளவுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர் அளவுகளில் 3.6 சதவீதம். துடிக்கிற பங்கை எடுத்தால் தோல் நிறம் கழிந்துவிடும் என்பது நடைமுறையில் முழுசாகப் பலிக்கவில்லை. மெலனின் சிவப்பு ஒளியை அதிகம் குடிப்பதால் கண்ணுக்கு எட்டுகிற சமிக்ஞையே மாறிவிடுகிறது. அப்புறம் அந்த அட்டவணை. யாரை வைத்துப் போட்டார்கள்? அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2013-ல் கேட்டது குறைந்தது 10 பேர், அதில் இருவரோ 15 சதவீதமோ கருந்தோல் உள்ளவர்கள். இரண்டே பேர்! 2025 ஜனவரியில்தான் இதைப் பெரிதாக மாற்றச் சொல்லி ஒரு வரைவு வந்தது.

இந்தப் பிழை ஆக்சிஜன் குறையக் குறையத்தான் பெரிதாகும். 99-ல் இருக்கும்போது உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. நான் செய்வது, கருந்தோல் நோயாளிக்கு 92 போதும் என்று உட்கார மாட்டேன், 95-க்குக் கீழே வந்தாலே தேடத் தொடங்குவேன். சந்தேகம் என்றால் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பேன்.

மொட்டைமாடி:

சார், ஒரே கேள்வி. எண் 100 என்று இருந்தால் அம்மா பத்திரம் என்று அர்த்தமா?

ஊசிமுனை:

இல்லை. இந்த இழையில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

கிளிப் சொல்வது, ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பது. டவுன் பஸ் கணக்கு. பஸ்ஸில் சீட் நிறைந்திருக்கிறதா என்று சொல்லும், எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது. ரத்தம் கொட்டி ஹீமோகுளோபின் 6-க்கு வந்தவருக்கும் 99 காட்டும், எல்லா பஸ்ஸும் நிறைந்திருக்கிறது, ஆனால் பத்து ஓட வேண்டிய வழித்தடத்தில் ஐந்துதான் ஓடுகிறது. புகையில் சிக்கித் தீக்காயத்தோடு வருகிறவர் சீட்டில் கார்பன் மோனாக்சைடு டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஒளி மட்டும் உள்ள சாதாரண கிளிப்புக்கு அதையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, ஜம்மென்று 98 காட்டும்.

அடுத்தது தாமதம். தூங்க வைக்கும் முன் மூக்கு வாய்க்கு மேல் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுப்போம். நுரையீரலில் இருக்கிற நைட்ரஜனை வெளியேற்றி அந்த இடத்தில் ஆக்சிஜனை நிரப்பி வைக்கிறோம். இது இல்லாமல் மூச்சு நின்றால் ஒரு நிமிடம் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எண் சரியத் தொடங்கிவிடும். நிரப்பி வைத்தால் ஆரோக்கியமானவருக்கு எட்டு நிமிடம் வரை தாங்கும், குண்டானவருக்கு அதில் பாதிகூட வராது. அந்தச் சேமிப்புதான் குழாயைச் சரியாக வைக்க எங்களுக்கு அவகாசம் தருகிறது. ஆனால் அதே சேமிப்பு கிளிப்பின் வாயையும் கட்டிப் போடுகிறது. மூச்சே இல்லாமல் பல நிமிடம் 100 காட்டிக்கொண்டிருக்கும். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 500 இருந்தாலும் 100 சதவீதம்தான், 150-க்கு இறங்கினாலும் ஏறக்குறைய 100 தான். 60-க்கு வரும்போதுதான் 90. அதற்குப் பிறகு மலைச்சரிவு, கடகடவென்று போகும். அதோடு நுரையீரலில் நடப்பது விரலுக்கு வந்து திரையில் எண்ணாக அரை நிமிடமோ மேலோ ஆகும், கை ஜில்லென்று இருந்தால் இன்னும் நேரம். காதில் கொஞ்சம் சீக்கிரம் தெரியும்.

அதனால்தான் கேப்னோகிராஃப். வெளியே விடும் மூச்சில் கரியமிலவாயு எவ்வளவு என்று ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு வரைந்து காட்டும். குழாய் மூச்சுக்குழலுக்குப் பதில் உணவுக்குழாயில் போய்விட்டால் கிளிப் சிரித்துக்கொண்டே 100 காட்டும். இது சில மூச்சுகளிலேயே மேடு இல்லாமல் படுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இது இன்னும் முக்கியம், லேப்ராஸ்கோபியில் வயிற்றை உப்ப வைக்க ஏற்றுவதே கரியமிலவாயுதான், அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து வெளிமூச்சில் ஏறும், அதற்கேற்ப வென்டிலேட்டரைக் கூட்ட வேண்டும்.

மயக்க டாக்டர் முந்தின நாள் பார்க்க வருவார். அவரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள், "கேப்னோ இருக்கிறதா சார்?" என்று. கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

வடலி:

ஆபரேஷன் முடிந்த பிறகும் கவனம் வேணும் தம்பி. வலிக்குக் கொடுக்கிற மருந்தில் நித்திரை கூடும், மூச்சுக் குறையும். ஒட்சிசன் முகமூடி போட்டிருந்தால் எண் நல்லாகவே காட்டும். நெஞ்சு ஏறி இறங்குதா, கூப்பிட்டால் முழிக்கிறாவா என்று பாருங்கோ. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீங்கோ.

மொட்டைமாடி:

வெள்ளி காலை. அம்மா நன்றாக இருக்கிறார். கல் மொத்தம் ஏழு, டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள், அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம். மருதாணி விரலிலேயே மாட்டினார்கள், 99. சித்தி இன்னும் நம்பவில்லை, அது கருவிக் கோளாறு என்கிறார்.

கேப்னோ கேட்டேன். மயக்க டாக்டர் சிரித்தார், எங்கே படித்தீர்கள் என்றார், சொன்னேன். இருக்கிறது என்று மானிட்டரில் எந்தக் கோடு என்றுகூட விளக்கினார்.

முடிந்து வெளியே கொண்டுவந்த அறையில் ஒருவர் உடனிருக்க விட்டார்கள். அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம், எண் 98-லிருந்து 81, அப்புறம் கோடு. சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் ஓடப் பார்த்தது. அலையைப் பார்த்தேன், கிறுக்கல். நெஞ்சைப் பார்த்தேன், ஏறி இறங்கியது. "அம்மா" என்றேன், "குளிருதுடா" என்றார். நர்ஸ் கம்பளி கொண்டுவந்து போர்த்தி விரலைத் தேய்த்து மறுபடி மாட்டினார், 97.

ஒன்று மட்டும் நெருடியது. அந்த அறையில் ஆறு மானிட்டர், ஒன்றில்கூடச் சத்தம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அடிக்கடி சும்மா கத்துகிறது, மற்ற நோயாளிகளின் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்றார் நர்ஸ். அம்மா கட்டிலில் இருந்ததை மட்டும் கூட்டி வைக்கச் சொன்னேன், வைத்தார்.

ஈயப்பற்று:

சத்தம் குறைத்ததற்கு நர்ஸைக் குறை சொல்லாதீர்கள். பழைய கிளிப், தேய்ந்த ஒயர், லேசாக அசைந்தாலே பொய்யாகக் கத்தும். பத்துத் தடவை பொய் சொன்னவன் பதினோராம் தடவை உண்மை சொன்னாலும் யார் திரும்புவார்கள். கிளிப்பை மாற்றச் சொல்லி நான் எழுதிக்கொடுத்த சீட்டுகள் எத்தனையோ பைலில் தூங்குகின்றன.

ஊசிமுனை:

ஏழு கல்லுக்கு வாழ்த்து. அம்மா மாலையில் எழுந்து நடக்கட்டும், இழுத்து மூச்சு விடச் சொல்லுங்கள். சித்திக்கு ஆபரேஷன் ஏதாவது வந்தால் என்னிடம் அனுப்ப வேண்டாம்.